பீலி தெளிந்த காலை

என் சின்ன வயதில் ஒருநாள் மாணிக்கக் குழியோரம் இருந்தவர்கள் அம்மா, பக்கத்து வீட்டு மேரி அக்கா, நான், குழி முதலாளி.

அடுத்த வளவில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் டீசல் வாடை இன்று வந்ததும், குருவிட்டத் தேயிலைத் தோட்டத்தில் நாள் முழுக்க இரைந்த அந்தக் குழி மோட்டாரும், அது இறைத்த சேறு ஊற்றில் கலந்து லய வீடுகளின் பொதுக் குழாயான பீலியில் பழுப்பாக வந்த குடிதண்ணீரும், அதை அம்மா சலித்துப்போய்த் துணியில் வடிகட்டியதும் நினைவுக்கு வந்தன.

பெண் வந்தால் குழியில் கல் கிடைக்காது என்று குழிக்காரர்கள் நம்பினார்கள். அதனாலேயே அம்மாவும் மேரி அக்காவும் விளிம்பில் போய் உட்கார்ந்தார்கள்.

"அனே, ஐயோ, எந்திரிங்க, கல்லு வராது!" முதலாளி கெஞ்சினார்.

"மோட்டார நிப்பாட்டுங்க, போறோம். இல்லாட்டி உள்ள எறங்கிக் குளிப்போம்," என்றார் மேரி அக்கா.

முதலாளி அடித்துவிடுவாரோ என்று அம்மாவின் சேலையைப் பிடித்திருந்தேன்.

மோட்டார் நின்றது. மறுநாள் காலை பீலி தெளிந்தது. அம்மா கொழுந்து பறிக்கப் போனதும் மோட்டார் மறுபடி இரைந்தது.

லயமும் பீலியும் இப்போது இல்லை. இருந்தும் இன்று எழுந்துபோய் வீட்டுக் குழாயைத் திறந்து பார்த்தேன். தெளிவாகத்தான் வந்தது.