இதய டாக்டரிடம் நான் ஆடிய நாடகம்

போன வருடம் பலாப்பழ சீசனில், நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கும்போது நடந்தது இது. எனக்கு வயது ஐம்பத்தாறு. சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. இருபது வருடமாகச் சர்க்கரை. நெஞ்சுவலி வந்து, பைபாஸ் செய்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் சுரங்கத்து ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வருடாந்திர மெடிக்கல் செக்கப் வந்தால், நாலு நாள் முன்பிருந்தே சோற்றைக் குறைத்து, பாகற்காய் ஜூஸ் குடித்து, சர்க்கரையை இறக்கிக்கொண்டு போவோம். 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். அதில் நான் கில்லாடி. உடம்பு தாங்காது என்று ஆபரேஷன் செய்யாமலே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, வெளியூர் ஆஸ்பத்திரிக்கும் அதே வித்தையோடு போனேன்.

இதய டாக்டர் ஒரு பெண்மணி. வராந்தாவில் நடந்து காட்டச் சொன்னார். மூச்சை அடக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். மாடி ஏறுவேன், சைக்கிள் மிதிப்பேன் என்று அளந்தும் விட்டேன். கூட வந்த என் மனைவிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"எல்லாம் புளுகுங்க டாக்டர். எங்க குவார்ட்டர்ஸ் மொத மாடி ஏறவே மூணு எடத்துல நின்னுகினு மூச்சு வாங்குறாரு. நாலு நாளா அரைப் பட்டினி வேற!"

என் மானம் போயிற்று. டாக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்த டெஸ்ட் முடிவு ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. என் பட்டினி அதனிடம் பலிக்கவில்லை.

பிறகு பொறுமையாக விளக்கினார். நாள்பட்ட சர்க்கரை உடம்பின் செல்களைச் சீக்கிரமே கிழமாக்கிவிடுமாம். அப்படிப்பட்ட உடம்பில் ஆபரேஷன் காயம் ஆறுவது கஷ்டம், கிருமி தொற்றலாம், கிட்னியும் மக்கர் பண்ணலாமாம். "சர்ட்டிஃபிகேட்ல உங்களுக்கு ஐம்பத்தாறு. உடம்பு எழுபது வயசுக்காரர் மாதிரி இருக்கு. அதை மறைச்சா ஆபத்து உங்களுக்குத்தாங்க" என்றார்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. சுரங்கத்தில் ஒரு மெஷினை வாங்கிய வருடத்தை வைத்து நாங்கள் எடைபோடுவதில்லை. எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்றுதான் கேட்போம்.

வலி கட்டுக்குள் இருந்ததால் ஆபரேஷனை ஒன்றரை மாதம் தள்ளிவைத்தார். மருந்து, அளவான சாப்பாடு, நடை, மூச்சுப் பயிற்சி எல்லாவற்றுக்கும் என் மனைவிதான் சூப்பர்வைசர். பக்கத்து வீட்டில் கொடுத்த பலாச்சுளையை என் கண்ணெதிரிலேயே தின்று தீர்த்தாள், ராட்சசி! ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காயமும் ஆறிவிட்டது.

எத்தனையோ செக்கப்பில் தப்பித்ததைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். அன்று ஒருநாள் மாட்டிக்கொண்டதால்தான் இன்று உயிரோடு இருக்கிறேன் என்று நினைக்கும்போது, என்னைக் காட்டிக்கொடுத்த அந்தப் புண்ணியவதியைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.