என் ஜன்னலோரத்துச் சிவப்புப் பொட்டுகள்

சென்ற ஆண்டு, மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு ஞாயிறு மதியம். செம்பாக்கத்தில் எங்கள் வார்டு சமுதாயக் கூடத்தில் ஒரு கூட்டம். கத்திக்குத்து நடந்த பிறகு ஓடி வருவதைவிட, நடக்காமலே தடுக்க என்ன செய்யலாம் என்று கேட்டு, கவுன்சிலரும் பெண் சப்-இன்ஸ்பெக்டரும் நர்ஸும் மகளிர் குழுவும் சேர்ந்து கூப்பிட்டிருந்தார்கள். 'ஆமாம், பேசிக் கிழிக்கப் போறாங்க' என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

தரையில் எங்கள் ஏரியாவின் பெரிய வரைபடம் விரித்திருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ஆளுக்கொரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு கொடுத்தார்.

"எந்த இடத்துல நடக்க பயமா இருக்கோ, அங்க ஒட்டுங்க. யாரும் பேர் சொல்ல வேணாம்."

நான் ஒயின் ஷாப் மேல் ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஃபேன் காற்றில் வரைபடம் மெல்ல ஏறி இறங்க, அதிலிருந்த நீல ஏரி நிஜமாகவே அலையடிப்பதுபோல இருந்தது. பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் சொக்கியது. மறுபடி பார்த்தால், பொட்டுகளெல்லாம் ஒரே சந்தில் குவிந்து கிடக்கின்றன. ஐயோ, என் வீட்டை ஒட்டிய சந்து!

சனிக்கிழமைதோறும் எனக்கு மீன் கொண்டுவரும் அம்மா எழுந்தார்.

"அந்தச் சந்துல லைட்டே இல்ல மேடம். வேல முடிஞ்சி வந்த எம்பொண்ணுகிட்ட கத்திய காட்டி செல்போன புடுங்கிட்டானுங்க. அன்னிலேர்ந்து அது வூட்ட வுட்டே வரமாட்டேங்குது."

அங்கே முன்பு தெருவிளக்கு இருந்தது. நான் ஒற்றைத் தலைவலிக்காரி. ஆபீஸ் விட்டு வந்து படுத்தால் ஜன்னல் வழியாக வெளிச்சம் நேரே முகத்தில் அடிக்கிறது என்று சண்டை போட்டு, அதைக் கழற்ற வைத்ததே நான்தான்.

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பெண்ணை, அம்மாவோடு கூடை பிடித்து வந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். எழுந்து எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

மீன்கார அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீயாக்கா? ஒரு ஸ்கிரீன் வாங்கி மாட்டிக்கினா ஆவாதா?"

கூடமே சிரித்தது. நான் அழுதுவிட்டேன்.

அந்த வாரமே விளக்கு திரும்பி வந்தது. மகளிர் குழுப் பெண்கள் கொஞ்ச நாள் பஸ் ஸ்டாப்பிலிருந்து அந்தப் பெண்ணோடு நடந்து வந்தார்கள். பிறகு அவளே தனியாக வர ஆரம்பித்தாள்.

ஸ்கிரீன் வாங்கி மாட்டியாயிற்று. ஆனாலும் அவள் வேலை முடிந்து வரும் ஏழரை மணி வரை அதை நான் இழுத்து மூடுவதில்லை. வெளிச்சம் சுவரெல்லாம் பரவியிருக்க, அரைத் தூக்கத்தில் கிடப்பேன். தூரத்தில் செருப்புச் சத்தம் கேட்கும். கூடவே, போனில் அம்மாவிடம் பேசும் அவள் குரல்.

"அக்கா வூட்டாண்ட வந்துட்டேம்மா."

அத்தனை சிவப்புப் பொட்டு வாங்கிய சந்தில் இருக்கும் என் வீட்டை, அவள் இப்போது தைரியத்துக்கு அடையாளமாகச் சொல்கிறாள். அதைக் காதால் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கமே வருகிறது.