தொட்டிக்கு உறை ஊற்றிய கதை

கழிவுநீர்த் தொட்டி பழுப்பாக இருந்தால்தான் எங்களைப் போன்றவர்களுக்குத் தூக்கம் வரும். ஆலைக்கும் அரசுக்கும் நடுவில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது புரியும். காரைக்குடிப் பக்கம் ஒரு புழுங்கல் அரிசி ஆலையில், நெல் ஊறிய தண்ணீரைச் சுத்தம் செய்து வெளியே விடுவது என் பொறுப்பு.

வரவேற்பு

சிவகங்கையிலிருந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி தண்ணீர் மாதிரி எடுக்க வருகிறார் என்றார்கள். தேறாவிட்டால் ஆலையைப் பூட்டிவிடுவார்கள். காலையில் போனால் வாசலில் கோலம். தொட்டியில் தண்ணீர் பளிச்சென்று இருந்தது. பிளீச்சிங் பவுடர் வாடை. அழுக்கைத் தின்பதற்காக நான் வளர்த்த நுண்ணுயிர்கள் அத்தனையும் காலி. ஆலையைக் கூட்டிப் பெருக்கும் பாண்டியம்மா அக்கா விளக்குமாறும் கையுமாகச் சிரித்தார்.

"ஆபீசர் வாராகன்னு வெள்ளன வந்து கழுவுனோம் தாயி. எப்படி இருக்கு?"

பாட்டில்

"பன்னீர் மாதிரி இருக்கு பாருங்க சார்" என்று தொட்டியைக் காட்டியபடி முதலாளி அதிகாரியிடம் காபியை நீட்டினார். எனக்கோ புது ஆள் முன்னால் நாக்கு எழாது. ஆனால் பேசாமல் இருந்தால் நாளைக்கு ஊறல் தண்ணீர் அப்படியே கண்மாய்க்குப் போகும். "தொட்டி செத்துப்போச்சு சார்" என்றேன் அதிகாரியிடம். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அதிகாரி, மாதிரி எடுக்க வைத்திருந்த பாட்டிலை மூடினார்.

"இன்னையிலிருந்து நெல் ஊறப்போடாதீங்க, ஒரு சொட்டு வெளிய விடாதீங்க. பக்கத்து மில்லுல உயிருள்ள சேறு வாங்கி ஊத்துங்க. அடுத்த வாரமும் இப்படியே இருந்தா பூட்டோட வருவேன்."

பக்கத்து ஆலை

பக்கத்து ஆலை ஆச்சிக்கும் எங்கள் முதலாளிக்கும் பேச்சு கிடையாது. பிளீச்சிங் வாடை அடங்கியதும், முதலாளி காரிலேயே உட்கார்ந்துகொண்டு என்னை உள்ளே அனுப்பினார். "ஆச்சி, பாலுக்கு உறைமோர் மாதிரி, எங்க தொட்டிக்கு உங்க தொட்டிச் சேறு கொஞ்சம் வேணும்" என்றேன். ஆச்சி ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார். முதலாளி மெல்ல இறங்கி வந்து நின்றார்.

"உறை கேட்டா இல்லைன்னு சொல்ற வழக்கமில்லை. ஆனா விளக்கு வச்சுட்டா எங்க உறை வெளிய போகாது, வெரசா அள்ளச் சொல்லுங்க."

மறுபடியும் பாட்டில்

தினமும் தொட்டியை எட்டிப் பார்த்தேன். கஞ்சி ஊட்டுவதுபோலக் ஏற்கெனவே தேங்கிக் கிடந்த ஊறல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். அந்த வாரம் ஆலை ஓடவில்லை, யாருக்கும் கூலி இல்லை. தொட்டி மெல்லப் பழுப்பேறியது. அதிகாரி வந்து பாட்டிலை நிரப்பும்போது பாண்டியம்மா அக்கா என் காதோரம் வந்தார்.

"இன்னைக்கு எதையும் தொடலை தாயி. இப்படிக் குப்பையாக் கெடக்கே, ஆபீசர் கோவிச்சுக்க மாட்டாகளே?"

மாதிரி தேறிவிட்டது, ஆலையும் ஓடுகிறது. ஆனாலும் அதிகாரி வருகிறார் என்றால் நான் முதலில் ஒளித்துவைப்பது விளக்குமாற்றைத்தான்.