லிஃப்ட்காரரின் பதினெட்டு

பழைய ரப்பர் பிடியை பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்துவிட்டு, கோல்ஃப் மட்டையின் தண்டை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொள்கிறார் லிஃப்ட்காரர். தண்டில் ஏற்கெனவே இருபுறமும் ஒட்டுகிற டேப் சுற்றியாகிவிட்டது. புதுப் பிடிக்குள் கொஞ்சம் பெயின்ட் தின்னரை ஊற்றி, ஓட்டையைக் கட்டை விரலால் அடைத்து, மருந்துப் புட்டியைப்போல் குலுக்கி, மிச்சத்தை டேப்பின் மேல் வழியவிட்டு, ஒரே தள்ளு. பத்து மூச்சு விடுவதற்குள் பிடி நேராக உட்கார வேண்டும். அதற்குப் பிறகு எவன் வந்தாலும் நகர்த்த முடியாது.

"பேசாதே, பேசாதே" என்கிறார். யாரும் பேசவில்லை. சாப்பாட்டு மேஜை முழுக்கத் தின்னர் நாறுகிறதே என்று மனைவி ஜன்னலைத் திறந்தாள், அவ்வளவுதான்.

வயது அறுபத்தேழு. முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். கிளப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். வாரத்தில் மூன்று நாள் கோல்ஃப், மீதி நாலு நாள் கோல்ஃபைப் பற்றிய பேச்சு. மனைவி முப்பது வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவள். ஒரு ஆளைப் பார்த்தால் எங்கே வலிக்கிறது என்று அவன் சொல்வதற்கு முன் அவளுக்குத் தெரியும். வீட்டுக்காரரின் இடது தோள் பல வருஷமாகக் காது உயரத்துக்கு மேல் எழும்புவதில்லை. வியாதி ஒன்றுமில்லை, தேய்மானம். ஒரு காலத்தில் ஏரியைத் தாண்டிய பந்து இப்போது ஏரிக்குள் விழுகிறது. அவர் அதற்குக் காற்றைத் திட்டுவார்.

மட்டைகளைப் பற்றி அவருக்குத் தீர்மானமான கருத்துகள் உண்டு. "புது மட்டை வாங்கினவன் புது மாப்பிள்ளை மாதிரி. ஒரு மாசம் தடவிக்கிட்டே இருப்பான், அப்புறம் மூலையில சாத்திடுவான்." தலையில் திருகாணி வைத்து, கோணத்தை மாற்றிக்கொள்ளும்படி வருகிற மட்டைகளை அவர் கையாலும் தொடுவதில்லை. "திருகாணின்னு ஒண்ணு இருந்தா அது கழண்டுக்கும். இது என் தொழில், எனக்குச் சொல்லாதே." பந்தைத் தூரமாக அடிக்கிற பெரிய மட்டையைவிட, குழிக்குப் பக்கத்தில் மெதுவாக உருட்டுகிற சின்ன மட்டைக்குத்தான் வீட்டில் மரியாதை அதிகம். "மோட்டார் ஏத்திவிடும், நிறுத்துறது பிரேக். எந்த மாடியில நிக்கணுமோ அங்க நிக்கலைன்னா மோட்டார் எவ்வளவு பெருசா இருந்து என்ன?" பந்துக்குக் காசைக் கொட்டுவதும் கிடையாது. ஏரியிலிருந்து வாரி எடுத்து விற்கிற பழைய பந்துகளே போதும். "அதுக்கு நீச்சலும் தெரிஞ்சிருக்கும்" என்பார்.

மைதானங்களுக்கும் ஒரு அளவுகோல். அவர் ஆடுவது தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தை ஒட்டிய ஒன்பது குழி மைதானம். முழு ஆட்டம் என்றால் அதையே இரண்டு சுற்று வரவேண்டும். ஒருமுறை அக்காள் மகன் ஊருக்கு வெளியே பெரிய மைதானத்துக்குக் கூட்டிப்போனான். வாசலில் நீரூற்று, கைதுடைக்கச் சூடான துண்டு. இவர் அதையெல்லாம் கடந்து நேரே பின்பக்கம் போய், புல்வெட்டும் இயந்திரங்கள் நிற்கிற கொட்டகையை எட்டிப் பார்த்தார். பிளேடுகளில் துரு. "வா, போகலாம். கீழே வரவேற்பறை பளபளன்னு இருக்கிற கட்டடத்துலதான் மேலே லிஃப்ட் மெஷின் ரூம் நாறும்." பையன் காசு கட்டிவிட்டதால் வேறு வழியின்றி ஆடினார். திரும்பும் வழியெல்லாம் புல்லைப் பற்றியே பேசினார்.

இனி ஹேண்டிகேப் விஷயம். அதைச் சொல்லாமல் இவரைச் சொல்ல முடியாது. குறைந்த அடியில் முடிப்பவருக்கே வெற்றி என்கிற இந்த ஆட்டத்தில், ஒரு ஆட்டக்காரருக்குச் சலுகையாகக் கழித்துக் கொடுக்கிற அடிகளின் எண்ணிக்கைதான் அது. நன்றாக ஆடுகிறவருக்குக் குறைவு, சுமாராக ஆடுகிறவருக்கு அதிகம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் எத்தனை அடி என்று எழுதிய அட்டையை, ஆடியவரே கிளப் அலுவலகப் பெட்டியில் போடவேண்டும். அதை வைத்து எண் ஏறும், இறங்கும். உலகத்தில் ஏமாற்றுகிறவன் எவனும் நல்ல ஆட்டத்தை மறைத்து எண்ணை ஏற்றிக்கொள்வான். லிஃப்ட்காரர் தலைகீழ். மோசமான அட்டைகளைப் பெட்டியில் போடுவதில்லை. அன்றைக்குக் காற்று, அன்றைக்கு மண் ஈரம், அன்றைக்குப் பக்கத்தில் நின்றவன் இருமினான். அதனால் பன்னிரண்டு வருஷமாக அவருடைய எண் பதினெட்டு. பதினெட்டு என்று சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும்.

நஷ்டம் அவருக்கு மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். ஜோடி ஆட்டத்தில் அவருக்குக் கூட்டாளி மனைவியின் தம்பி, செயற்கைப் பல் செய்கிறவர். பன்னிரண்டு வருஷமாக இருவரும் போட்டியின் முதல் சுற்றிலேயே தோற்று, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடுவார்கள். இரண்டு அடி, மூன்று அடி வித்தியாசத்தில். லிஃப்ட்காரர் தனக்கு உரிய சலுகையை வாங்கியிருந்தால் பாதி ஆட்டங்களாவது ஜெயித்திருக்கலாம். தம்பிக்கு இது தெரியும். எல்லா அட்டையிலும் சாட்சிக் கையெழுத்து அவருடையதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மட்டைக்குப் பிடி மாற்றி முடித்த நேரத்தில் தம்பி வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார்.

"உள்ளே வாடா, என்ன விருந்தாளி மாதிரி?" என்றாள் அக்கா.

"இல்லக்கா, சொல்லிட்டுப் போறேன். மாமா, நாளைக்குக் காலையில பத்து மணியோட ஜோடிப் பேர் எழுதுறது முடியுது. மருந்துக் கடைக்காரர் என்னை ஜோடிக்குக் கேட்டிருக்கார்."

"யாரு, அந்த ஆளா? பந்தை அடிக்கிறதுக்கு முன்னாடி பத்து தடவை இடுப்பை ஆட்டுவானே!"

"ஆட்டட்டும். அவர் எண் இருபத்துநாலு. உள்ளபடி இருபத்துநாலு."

லிஃப்ட்காரர் டேப் துண்டை விரலில் உருட்டினார். "எனக்கு மட்டும் என்ன, பொய் எண்ணா? கிளப் குடுத்தது மாப்ளே."

"நீங்க குடுத்த அட்டைக்கு கிளப் குடுத்தது. பன்னெண்டு வருஷம் மாமா. எனக்கும் அம்பத்தெட்டு ஆகுது. ஒரு தடவையாவது ரெண்டாவது சுத்து எப்படியிருக்கும்னு பார்க்கணும்." போகும்போது அக்காளைப் பார்த்து, "கோவிச்சுக்காதே" என்றார். அக்கா கோவித்துக்கொள்ளவில்லை. குழம்பு இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். அவர் போய்விட்டார்.

லிஃப்ட்காரர் டிவியைப் போட்டார். ஞாயிறு மதியம் பெரிய போட்டியின் கடைசி நாள். அவர் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பார். வர்ணனை செய்கிறவர்கள் குசுகுசுவென்று பேசுவது பிடிக்காது. "தொட்டில்ல குழந்தை தூங்குதா?" தொழில்முறை ஆட்டக்காரர்களிலும் அவருக்குப் பிடித்தவர்கள் குறைவு. நாலடி தூரத்துக்குக் குழியைச் சுற்றிச் சுற்றி வந்து குனிந்து பார்க்கிறவனை, "லிஃப்ட்ல மாட்டினவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான்" என்பார்.

அன்று வழக்கத்துக்கு மாறாக ஒன்று நடந்தது. இரண்டாவது இடத்தில் இருந்த இளைஞனைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டதாகத் திரையில் எழுத்து ஓடியது. முந்தின நாள் ஒரு குழிக்கு ஐந்து அடி ஆடிவிட்டு, அட்டையில் நாலு என்று இருந்ததைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

"சரியான தண்டனை" என்றார் லிஃப்ட்காரர். "ஆடினதை ஆடினபடி எழுத வேணாமா? அதுக்கு வக்கில்லாதவன் எதுக்கு மட்டையைத் தூக்கறான்?"

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து உள்ளே போய், கிளிப் போட்ட ஒரு கட்டு அட்டைகளைக் கொண்டுவந்து மேஜையில், பிடி போட்ட மட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். கசங்கியவை எல்லாம் இஸ்திரி போட்டு நேராக்கியிருந்தன.

"என்ன இது?"

"இந்த சீசன்ல நீங்க போடாம விட்டது. பத்தொம்பது. துவைக்கப் போடற பேண்ட் பையில இருந்து எடுத்தேன்."

அவர் கட்டைத் தொடவில்லை. "அதெல்லாம் கணக்குல வராத நாளுங்க. காத்து—"

"ஏங்க, வார்டுல காய்ச்சல் குறிக்கிற தாள் இருக்கும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் பார்த்து எழுதணும். ஒரு பொண்ணு, புதுசா வந்தவ, காய்ச்சல் குறைஞ்சப்ப மட்டும் எழுதினா. நோயாளி பாவம், பார்த்தா மனசு கஷ்டப்படுவார்னு. டாக்டர் தாளைப் பார்த்துட்டு மருந்தைக் குறைச்சுட்டார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ராத்திரியோட ராத்திரியா நான் ஓடினேன். ஆள் பிழைச்சார். அவளை வேற வார்டுக்கு மாத்தினாங்க." மடித்த சட்டையை அடுக்கின் மேல் வைத்தாள். "உங்க தோள் தேய்ஞ்சு போச்சு. தேய்ஞ்சா தேய்ஞ்சதுதான். அதை மறைக்கிறதுக்கு என் தம்பி எதுக்குத் தோக்கணும்?"

திரையில் யாரோ குழியைச் சுற்றி வந்தான். லிஃப்ட்காரர் போட்டி முடிவதற்குள்ளேயே டிவியை அணைத்தார். அந்த வீட்டில் அது சின்ன விஷயமில்லை. இரவு படுக்கும்போது அட்டைகள் மேஜையிலேயே இருந்தன. அவள் எடுத்து வைக்கவில்லை. எடுத்து வைத்தால் அது அவள் முடிவாகிவிடும்.

மறுநாள் காலை அவள் காய் வாங்கப் புறப்பட்டபோது மேஜை காலியாக இருந்தது. மற்றதெல்லாம் தம்பி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். ஒன்பதரை மணிக்கு கிளப் அலுவலகத்தில் தம்பியும் மருந்துக் கடைக்காரரும் வரிசையில் நின்றிருக்கிறார்கள். லிஃப்ட்காரர் உள்ளே வந்து, எல்லோரையும் தாண்டி, அட்டைக் கட்டை அலுவலகப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். "லேட்டாயிடுச்சும்மா. எல்லாத்துலயும் சாட்சிக் கையெழுத்து இருக்கு." அவள் ஒவ்வொன்றாகப் பதிந்தாள். கால்மணி நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"சார், இருபத்தாறுன்னு காட்டுது. ஏதாவது தப்பா...?"

"தப்பில்லே."

மருந்துக் கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தம்பி அவர் தோளில் கைவைத்து, "மன்னிச்சுக்கங்க சார், நான் என் மாமாவோட" என்றார்.

ஜோடிப் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. பெயர்களையும் எண்களையும் ஜோடிக்காரர்களே எழுதவேண்டும். லிஃப்ட்காரர் பேனாவை வாங்கி, முதலில் மச்சினன் பெயரும் எண்ணும், கீழே தன் பெயரும் எழுதினார். தன் எண்ணை எழுதுமுன் பேனாவை மாற்றச் சொன்னார். தடித்த முனையுள்ள மார்க்கரைக் கொடுத்தார்கள். லிஃப்டுக்குள் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதுகிறவர்போல, வாசலில் நிற்பவனுக்கும் தெரிகிற அளவில் 26 என்று போட்டுவிட்டு, மார்க்கரை மூடி, அடுத்தவர் எழுதுவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.