அப்பாவின் வயிற்றுக்கு ஒரு மூச்சுச் சோதனை

எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் வீட்டுக்கு வரும் எல்லாக் காகிதமும் என் கைக்குத்தான் வரும். மின்சார பில், தம்பியின் பள்ளிக் கடிதம், அப்பாவின் வயிறு எல்லாம் என் இலாகா.

அப்பா தம்போயில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். சீட்டுக்கு அடியில் வெள்ளை மருந்துப் போத்தல் இல்லாமல் வண்டியை எடுக்க மாட்டார். கேஸ்டிரிக். காரணம் காத்து என்பது அம்மா கட்சி. அம்மாவின் மிளகாய்ச் சம்பல் என்பது அப்பா கட்சி. போன வருடம் பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து படுத்துவிட்டார். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் புண் என்றார். மாத்திரையில் ஆறியது, ஆறு மாதத்தில் திரும்பி வந்தது. இப்படியே விட்டால் ரத்தம் கசியலாம் என்று டாக்டர் எச்சரித்தார். புண்ணுக்குக் காரணம் ஒரு கிருமியாக இருக்கலாம், மாத்திரை தின்றுகொண்டிருக்கும்போது அது தென்படாமல் போகுமாம். ஆகவே மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தச் சொல்லி, சோதனைக்குத் தேதி கொடுத்தார்.

நான் ஒரு வாரம் படித்தேன். பிறகு அப்பாவை உட்காரவைத்து, பழைய காலண்டரின் பின்பக்கத்தில் இரைப்பையை வரைந்தேன். அங்கே இருக்கும் அமிலத்தில் சாதாரணக் கிருமி பிழைக்காது. இது மட்டும் யூரியாவை உடைத்து, தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொண்டு குடித்தனம் நடத்தும். நாம் யூரியாவைக் குடித்தால் அதையும் உடைக்கும். அதில் கிளம்பும் வாயு மூச்சில் வரும்.

அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் ஒரே கேள்வி கேட்டார். "ஊதணுமா?"

"ஆமாப்பா. பைக்குள்ள ஊதணும்."

காலண்டரைச் சுருட்டி வைத்துவிட்டு எழுந்து போனார். அறிவியலைக் கண்டு மலைத்துவிட்டார் என்று நினைத்தேன். மருத்துவமனை அட்டையில் மலாயில் 'உஜியான் நாஃபாஸ்' என்று இருந்தது. மூச்சுச் சோதனை. குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் போலீஸ் ரோட்டில் நிறுத்தி ஊதச் சொல்வதற்கும் அதே பெயர்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பஸ் ஓட்டுகிறவருக்கு உறைக்காமல் இருக்குமா? அதிலும், குடியை விட்டுவிட்டதாக வீட்டில் சொல்லியிருந்தவர், சோதனைக்கு முந்திய சனிக்கிழமை ரெங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மண்டபத்தின் பின்பக்கம் கொஞ்ச நேரம் காணாமல் போயிருந்தார்.

திங்கட்கிழமை காலை காரில் அவர் கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்தது.

"என்னப்பா வாயில?"

"கிராம்பு."

"ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"சாப்பிடல. வாசனைக்கு வெச்சிருக்கேன்."

மருத்துவமனையில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், முதல் வேலையாக அதைத் துப்பவைத்தார். பிறகு, "அங்கள், ஆடா மினும்?" என்றார். ஏதாவது குடித்தீர்களா என்று அர்த்தம்.

அப்பா என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "சனிக்கிழமை. ரெண்டே கிளாஸ்" என்று மலாயில் ஒப்புக்கொண்டார்.

"இன்னிக்குக் காலையில குடிச்சீங்களான்னு கேட்டேன், அங்கள்."

"காலையில யாரு குடிப்பா?"

முதல் பையை ஊதினார். பிறகு மிஸ்ஸி ஒரு கிளாஸில் ஏதோ கரைத்துக் கொடுத்து, குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி ஊத வேண்டும் என்றார். அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"குடிச்சியான்னு கேக்கிறாங்க. அப்புறம் அவங்களே ஊத்திக் குடுக்கிறாங்க. குடிச்சதும் ஊதுன்றாங்க. இது என்ன நியாயம்டா?"

"அது கிருமிக்குப்பா."

"கிருமிக்கு எதுக்குடா கிளாஸு?"

குடித்தார். அரை மணி நேரம் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊதினார்.

முடிவு வந்ததும் டாக்டர் அறைக்குள் கூப்பிட்டார். நம்மவர்தான், தமிழ் அம்மா. காகிதத்தை எட்டிப் பார்த்த எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இருபது வருட வலிக்குக் காரணம் அகப்பட்டுவிட்டது. "பாசிட்டிவ்பா" என்றேன்.

அப்பா எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சனிக்கிழமை குடிச்சது திங்கக்கிழமை வரைக்கும் இருக்கும்னு தெரியாது, டாக்டர்."

டாக்டர் லைசென்ஸைப் பார்த்தார், பிறகு என்னை. "தம்பி, நீங்க அப்பாவுக்கு விளக்கிச் சொல்லலையா?"

"படமே போட்டேன், டாக்டர்."

அவர் அப்பா பக்கம் திரும்பினார். "ஐயா, உங்க வயித்துல ஒரு கிருமி இருக்கு. புண்ணு அதால வருது. ரெண்டு வாரம் மருந்து சாப்பிட்டா செத்துரும். போலீஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா மருந்து முடியிற வரைக்கும் பீர் வேணாம்."

நான் ஒரு வாரம் படித்தது மொத்தம் அவ்வளவுதான்.

"அப்ப லைசென்ஸு?"

"எடுத்து உள்ள வைங்க."

பதினான்கு நாள், வேளைக்கு ஒரு கை நிறைய மாத்திரை. வாயெல்லாம் இரும்புக் கசப்பு என்று புலம்பினார். ஒரு வேளைகூட விடவில்லை. ஒன்றரை மாதம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று பார்க்க மறுபடி ஊதவேண்டியிருந்தது. "நீ உள்ள வந்து விளக்கம் குடுக்காத, வெளிய இரு" என்று என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். திரும்பி வந்து, "இல்லையாம்" என்றார்.

எதிரிலிருந்த கடையில் அவர் வறுத்த நூடுல்ஸான மீ கோரிங் கேட்டார், மிளகாய் கூடுதலாக. பல வருடமாகத் தொடாதது. தட்டு பாதி காலியானபோது அவர் கை மெல்ல வயிற்றுப் பக்கம் போனது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

அவர் பெல்டை ஒரு துளை தளர்த்திவிட்டு, இன்னொரு தட்டு சொன்னார்.