ஒத்தக்கடை வளைகாப்பில் சாமி இறங்கிய கதை

செக்கானூரணிக்கு மேற்கே வெள்ளாமை பார்த்த வீட்டுப் பெண் தமிழ்ச்செல்வி. பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போதே அவளுக்குச் சுகர் வந்துவிட்டது. அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் ஊசி. அவளுடைய பெரியப்பா பேயாண்டிக்கும் சுகர்தான். ஆனால் அவருக்கு வயசான பிறகு வந்தது. "என் சொத்துல ஒனக்குத்தான் ஆத்தா பங்கு சேந்திருக்கு" என்று கேலி பேசுவார்.

பெண் பார்க்க வந்தவர்கள் ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் காப்பியைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். ஆரப்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருந்த பாண்டியராஜன் மட்டும் உட்கார்ந்து வடையையும் தின்றான். "தெனமும் சார்ஜ் போட்டாத்தான் போனே ஓடுது. இது என்ன பெரிய விசயம்?" என்றான். கல்யாணம் முடிந்து ஒத்தக்கடையில் புது வீட்டுக்குக் குடி வந்தார்கள்.

முதல் கரு மூன்றாம் மாதமே தங்காமல் போனது. மறுபடி உண்டானபோது டாக்டரம்மா தமிழ்ச்செல்வியையும் மாமியார் இருளாயியையும் எதிரே உட்கார வைத்துச் சொன்னார்: "சுகர் ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து. இந்தப் பிள்ளையைப் பத்திரமாக் கரை சேக்கணும்."

இருளாயி முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

அன்று சாயந்திரமே சீனி டப்பா பக்கத்து வீட்டுக்குப் போனது. பின்னாலேயே கருப்பட்டி போனது. மிட்டாய்க் கடைக்காரர் கொடுத்த காலண்டரில் லட்டுப் படம் இருந்ததால் அதைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டினாள். தேதி பார்க்க வேண்டும் என்றால் பாண்டியராஜன் ஆணியிலிருந்து கழற்றிப் பார்த்துவிட்டு மாட்ட வேண்டும்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள் இருளாயி. வந்த உறவுக்காரர்களின் பைகளைத் துழாவி, ஜாங்கிரி, அதிரசம், பூந்தி எல்லாவற்றையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவி இடுப்பில். கடைசியில் மருமகளின் கைப்பையையும் பிடுங்கினாள்.

"உள்ள மிட்டாய் கெடக்கே, கள்ளி!"

"அத்தை, அது அவசரத்துக்கு வச்சிருக்கேன்."

"அவசரத்துக்கு நான் இருக்கேன்ல?"

கைப்பையும் பீரோவுக்குள் போனது.

"பத்து நிமிசத்துல இலை போட்டுருவோம், ஊசியப் போட்டுக்க" என்றாள் இருளாயி. தமிழ்ச்செல்வியும் போட்டுக்கொண்டாள். ஆனால் தாய்மாமன் வந்து முதல் வளையல் போடாமல் இலை விழாது. அது அவர்கள் வழக்கம். தாய்மாமன் கருத்தக்கண்ணனோ "இந்தா மாட்டுத்தாவணி தாண்டிட்டேன்" என்று போனில் சொன்னான். பின்னால் கண்டக்டர் "ஆரப்பாளையம் எல்லாம் எறங்கு" என்று கத்தியது எல்லாருக்கும் கேட்டது. ஆரப்பாளையம் மதுரைக்கு அந்தக் கோடி. அவனை அழைத்துவரப் பாண்டியராஜன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அரை மணி போனது. அதற்கு மேலும் போனது. மணையில் உட்கார்ந்திருந்த தமிழ்ச்செல்விக்குக் கை நடுங்கியது. நெற்றிச் சந்தனம் வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது. என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எது வேண்டும் என்றும் தெரியும். அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் வார்த்தை தேடித் தேடி வந்தது. வயிற்றில் பிள்ளை ஒரு தரம் புரண்டது. அந்தப் பயத்தில் அடித்தொண்டையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"ஏய் இருளாயி! பீரோவத் தொறடி!"

கூடத்தில் எல்லாத் தலையும் திரும்பியது. மாமியாரைப் பேர் சொல்லி, 'டி' போட்டு, அதுவும் தமிழ்ச்செல்வியா?

"ஆத்தாடி, சாமி எறங்கிருச்சு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் இருளாயியின் தங்கச்சி ஒச்சம்மாள்.

"மாசமா இருக்கவ மேல சாமி வராதேடி" என்றாள் ஒருத்தி.

"அவ மேல வரலடி, உள்ள இருக்க பிள்ள மேல வந்திருக்கு!" என்றாள் ஒச்சம்மாள்.

யாரோ குலவை போட்டார்கள். யாரோ நெற்றி நிறையத் திருநீறு அப்பினார்கள். ஒச்சம்மாள் கிடைத்த நேரத்தை விடவில்லை.

"சாமி, எம் மகளுக்கு மூணு வருசமா வரன் அமையலையே. எந்தத் தெசையில வரும், சொல்லு தாயி!"

"மிட்டாய்..." என்றாள் தமிழ்ச்செல்வி.

"மிட்டாய்க் கடையா? சொந்தக் கடையா, வாடகையா தாயி?"

"சீக்கிரம்..."

"சீக்கிரம் அமையுமாம்ல!"

இருளாயி பதறி இடுப்பில் கை வைத்தாள். அவசரத்தில் உருவிய சாவிக்கொத்து நழுவி, குலவை போட்டுக்கொண்டிருந்த பெண்களின் கால்களுக்குள் போய்விட்டது. குனிந்து தேடியவர்களைப் பார்த்து, சாமி காலில் விழுகிறார்கள்போல என்று மற்றவர்களும் விழுந்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து பேயாண்டி எழுந்தார். "சாமியும் இல்ல, பூதமும் இல்ல. ஊசியப் போட்டுட்டு வெறும் வயித்தோட இருந்ததுல புள்ளைக்குச் சுகர் எறங்குது! எனக்கும் ஒருக்கா இப்பிடித்தேன் வந்துச்சு. வழி விடுங்கடி!"

விழுந்து கிடந்தவர்களைத் தாண்டி வந்து, வேட்டி மடிப்பிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தார். அத்தனையும் தேன்மிட்டாய். இருளாயியின் சோதனையில் வேட்டி மடிப்பு மட்டும் தப்பியிருந்தது. ஒவ்வொன்றாக அவள் வாயில் வைத்து, "மென்னு முழுங்கு ஆத்தா" என்றார்.

"அடப்பாவி மனுசா!" என்று பின்னாலிருந்து அவர் பெண்டாட்டியின் குரல் வந்தது. "மாத்திரையும் தின்னுட்டு மடியில மிட்டாயுமா? வீட்டுக்கு வாங்க, பேசிக்கிறேன்!"

"எம் மக தெளியட்டும். பெறகு என்னைய என்ன வேணாலும் பண்ணு."

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. தமிழ்ச்செல்வி சுற்றிப் பார்த்தாள். காலடியில் அம்புட்டுப் பேரும் கிடந்தார்கள். வயிற்றில் கையை வைத்தாள். பிள்ளை உதைத்தது. அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

இருளாயி அவள் முகத்துத் திருநீற்றைத் துடைத்துவிட்டாள். அழுகையை அடக்கிக்கொண்டு உள்ளே திரும்பி, "மாமன் வாரப்ப வரட்டும். மொதல்ல இலையப் போடுங்கடி!" என்று கத்தினாள். கருத்தக்கண்ணன் வந்து சேர்ந்தபோது பந்தியில் ரசம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த 'டி' பற்றி மட்டும் வீட்டில் ஒரு முடிவு ஏற்பட்டது. "நடுங்குனது சுகருதேன், ஒத்துக்கிறேன். ஆனா அந்த 'டி' சாமி சொன்னது. எம் மருமக அப்பிடிப் பேசவே மாட்டா" என்றாள் இருளாயி. தமிழ்ச்செல்வியும் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

நாள் நெருங்கியதும் டாக்டரம்மா முன்கூட்டியே சேர்த்துப் பிரசவம் பார்த்தார். பெண் பிள்ளை. பிறந்ததுமே போட்ட சத்தத்தில், "சாமி கொரலு அப்பிடியே இருக்கு" என்றாள் ஒச்சம்மாள்.

ஒச்சம்மாளைத் திருத்த யாராலும் முடியவில்லை. அழகர்கோவில் போகும் வழியில் சொந்தமாக மிட்டாய்க் கடை வைத்திருந்த பையனைத் தேடிப் பிடித்து மகளுக்கு முடித்தும்விட்டாள். கல்யாணத்தில் முதல் தாம்பூலம், கைப்பிள்ளையோடு வந்த தமிழ்ச்செல்விக்குத்தான். கூடவே ஒரு தட்டு நிறைய நெய் வடியும் ஜிலேபி.

இருளாயி குறுக்கே கையை நீட்டினாள். அவள் முந்தானை முடிச்சில் இப்போது சாவி இல்லை, ரெண்டு தேன்மிட்டாய் இருந்தன.

"ஊசி போட்டியாத்தா?"

"இல்லத்தை. இலை விழுந்ததும் போட்டுக்கிறேன்."

"அப்ப சரி" என்று ஒச்சம்மாள் பக்கம் திரும்பினாள். "சாமிக்குச் சுகருடி. தட்ட அங்கிட்டு வையி."