சம்பூர்ணத்தின் மூக்கு

சம்பூர்ணம் தன் வாழ்நாளில் ஒரு வாய் ஒயின்கூடக் குடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குப்பத்தில் சில பேர் வேறு மாதிரி பேசினார்கள். பேசினவர்கள் வாயில் மண் விழ.

அவள் தேவனேரிக் குப்பத்துக்காரி. கல்யாணமான நாள் முதல் கூடையில் மீன் சுமந்துபோய்ச் செங்கல்பட்டுச் சந்தையில் விற்றவள். செவுளைத் தூக்கி ஒரு தரம் மோந்தால் போதும், இன்றைய மீனா நேற்றைய மீனா என்று சொல்லிவிடுவாள். முதுகுவலி வந்து கூடை தூக்க முடியாமல் போனதும், மாமல்லபுரம் கடலோரத்தில் இருந்த எங்கள் ஓட்டலுக்குக் கிளாஸ் கழுவ வந்தாள். இரண்டு வருஷமாகத் தினக்கூலி. மழைக்காலம் வந்தால் தினக்கூலிக்காரர்களை நிறுத்திவிடுவார்கள். பொங்கல் கழித்து நிரந்தரமாக்குவதாக முதலாளி ஜம்புலிங்கம் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி அவள் காய்ச்சலோடுகூட வேலைக்கு வந்தாள்.

1973இல், பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. பென்னட் என்ற ஆஸ்திரேலியர் வந்திருந்தார். அவருக்குச் சொந்தத் திராட்சைத் தோட்டம் உண்டு. எங்கள் ஓட்டலில் தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்காகத் தன் ஒயினை வாங்கி வைக்கச் சொல்லி எட்டுப் பாட்டில் கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கப் பிரெஞ்சு ஷாம்பெயின் இரண்டு. முதலாளி அரிசி ஆலை வைத்து முன்னுக்கு வந்தவர், இங்கிலீஷ் வராது. அதனால் ரிசப்ஷன் கிளார்க்கான நான், காசிநாதன், மொழிபெயர்க்க நின்றேன். ஸ்டோர்கீப்பர் தேவசகாயம் ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து ஊற்றினார்.

பென்னட் கிளாஸைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். ஒரு வாய் உறிஞ்சி, கொப்பளித்து, வாளியில் துப்பினார். அத்தனை தூரம் சுமந்து வந்ததைத் துப்புகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அடுத்ததையும் துப்பினார். ஷாம்பெயினை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளியே வைத்துவிட்டார்.

"எல்லாவற்றிலும் புகை வாடை," என்றார்.

முதலாளி முகம் கறுத்துவிட்டது. நான் முந்திக்கொண்டேன். எனக்கும் தேவசகாயத்துக்கும் ஏற்கெனவே ஆகாது. "பெட்டிய எல்லாம் சமையல்கட்டு ஓரமா வச்சிருந்தாரு சார். வெறகுப் பொகை ஏறிகீது," என்றேன். அதையே பென்னட்டுக்கு இங்கிலீஷில் சொன்னதும், மூடின பாட்டிலுக்குள் புகை எப்படிப் போகும் என்று கேட்டார். அதை நான் தமிழில் சொல்லவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

"அறிவு கெட்டவனே, சாவிய வச்சிட்டு வூட்டுக்குப் போ," என்றார் முதலாளி. தேவசகாயத்துக்கு மூன்று பெண் பிள்ளைகள். மனுஷர் சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

வாளியை எடுக்க வந்த சம்பூர்ணம் கதவோரம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். நேராக மேசைக்கு வந்து, காலியாக இருந்த கிளாஸ் ஒன்றை எடுத்து மோந்தாள்.

"அண்ணாத்த மேல தப்பு இல்ல மொதலாளி. நான்தான் பண்ணேன். பெரிய மனுசங்க வராங்களே, வாசனையா இருக்கட்டும்னு கிளாஸ கழுவி சாம்பிராணிப் பொகை மேல கவுத்து வெச்சேன். எங்க வூட்டுக்கு யாராச்சும் வந்தா தண்ணிப் பானைக்கு அப்படித்தான் காட்டுவோம்."

"அப்ப நீயும் கெளம்பு. நிரந்தரம் அது இதுன்னு கேட்டுகினு இந்தப் பக்கம் வராத."

அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் நகரவில்லை. "போறேன். அதுக்கு முன்னாடி டீ கிளாஸ்ல ஊத்திப் பாக்கச் சொல்லுங்க. அதுல பொகை படல."

இந்த முறை நான் ஒரு சொல் விடாமல் பென்னட்டுக்குச் சொன்னேன். அவளே ஓடிப்போய் டீ கிளாஸ்களைக் கொண்டுவந்தாள். பென்னட் ஒரு வாய் உறிஞ்சினார். முகம் மலர்ந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அந்தக் கிளாஸை அவளிடம் நீட்டினார்.

"குடிக்க மாட்டேன். மோந்து வேணா சொல்றேன்," என்றாள். கண்ணை மூடிக்கொண்டு மோந்தாள். "நாவப்பழம். கன்னிப்போன நாவப்பழம். அடியில மொளகு." பென்னட் தன் குறிப்புத் தாளை எனக்குக் காட்டினார். அதிலும் கறுத்த பழம், மிளகு என்றுதான் எழுதியிருந்தது. ஷாம்பெயினுக்குப் புளித்த மாவும் எலுமிச்சந்தோலும் என்றாள். ஆறாவது பாட்டிலுக்கு மூக்கைச் சுளித்தாள்.

"இது ஆவாது. நனைஞ்ச சாக்கு நாத்தம்."

பென்னட் மோந்தார். மறுபடியும் மோந்தார். தக்கை கெட்டிருக்கிறது, நானே கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று சொல்லி, பாட்டிலை வாளியில் கவிழ்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்து, "என் ஒயினை இங்கே திறந்தால் இந்த அம்மாதான் முதலில் மோந்து பார்க்க வேண்டும்," என்றார். பதினெட்டு வருஷம் அப்படித்தான் நடந்தது.

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பொங்கல் வரைக்கும் இன்னாத்துக்கு? இன்னிக்கே நிரந்தரம்னு பேர எழுதிக்க காசிநாதா."

நான் பதிவேட்டைத் திறந்தேன். சம்பூர்ணம் கையை நீட்டித் தடுத்தாள்.

"என் பேரு அப்பால ஆவட்டும் சார். மொதலாளி, எங்க எல்லார் எதிர்லயும் அண்ணாத்தைய அறிவு கெட்டவன்னீங்க. அதே மாதிரி எல்லார் எதிர்லயும் ஒரு வார்த்த சொல்லிடுங்க."

இப்போதுதான் கிடைத்த வேலையை இவளே கெடுத்துக்கொள்கிறாளே என்று பதறினேன். முதலாளி யாரிடமும் தணிந்து பேசி நான் பார்த்ததில்லை. அன்று அவரே சாவிக்கொத்தை எடுத்துத் தேவசகாயத்தின் கையில் வைத்தார்.

"தப்பு எம்மேல தேவசகாயம். மனசுல வச்சுக்காத."

அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. பென்னட் கேட்ட கேள்வியை நான் விழுங்கியதை எல்லார் எதிரிலும் சொன்னேன். தேவசகாயம் என்னை ஏறிட்டுப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"மொதல்ல அந்தம்மா பேர எழுதுய்யா," என்றார்.